ராட்வைலரின் மூக்கு வெளுக்கிறது: நிறத்தை விட மேற்பரப்பைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். திருச்சியில் வளரும் இரண்டு வயது ஆண் ராட்வைலர். சில மாதங்களாக மூக்கின் கருப்பு நடுவிலிருந்து இளஞ்சிவப்பாக மாறி வருகிறது. கீழுதட்டில் ஒரு திட்டு, கண்ணுக்கு மேலே கொஞ்சம் வெள்ளை முடி, முன்னங்காலில் ஒரு நகம் வெளுத்திருக்கிறது. சாப்பாடு, ஓட்டம், குரைப்பு எல்லாம் வழக்கம்போல. கடைக்காரர் சத்துக்குறைவு என்று டானிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா குழந்தையை அதன் பக்கத்தில் விடாதீர்கள் என்கிறார். நண்பர் ஒருவர் மருந்துக்கடை க்ரீம் ஒன்றைத் தடவச் சொல்லியிருக்கிறார். இது என்ன, தொற்றுமா, மருந்து உண்டா, க்ராஸ் விடலாமா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் வெண்புள்ளிதான். மனிதர்களுக்கு வருகிற அதே வகைக் கோளாறு நாய்களுக்கும் வருகிறது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் டெர்வூரன் ஆகிய இனங்களில் இதை அதிகமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். மூக்கு, உதடு, இமை ஓரம், வாயின் உட்புறம், பாதத்தின் அடி மெத்தை, நகம், முகத்து முடி என்று இடங்களும் பொருந்துகின்றன. ஆனால் போட்டோ இல்லாமல் நான் சொல்வது ஊகம்தான். அதை உறுதிசெய்யவோ தள்ளிவிடவோ நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். ஆரோக்கியமான மூக்கின் தோல் வழவழப்பாக இருக்காது. பலாப்பழத் தோலைச் சின்னதாக்கியது போல நெருக்கமான சிறு மேடுகளும் நடுவில் மெல்லிய பள்ளங்களுமாக இருக்கும். வெளுத்த இடத்திலும் அந்த மேடு பள்ளம் அப்படியே இருக்கிறதா? தொட்டால் அதே சொரசொரப்பு, அதே ஈரம் இருக்கிறதா? பொருக்கு, வெடிப்பு, புண், கசிவு, ரத்தம் எதுவும் இல்லையா? மேடு பள்ளம் அப்படியே இருந்து, இவை எதுவும் இல்லையென்றால் நிறம் மட்டும்தான் போயிருக்கிறது, தோல் நன்றாக இருக்கிறது. வெண்புள்ளியில் நடப்பது இதுவே. மேடு பள்ளம் மறைந்து மூக்கு மழமழவென்று ஆகியிருந்தால், பொருக்கு தட்டியிருந்தால், அது வேறு கதை. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு வெளுத்தது என்றுதான் அளக்கிறார்கள். எவ்வளவு வெளுத்தது என்பதில் எனக்கு அக்கறை குறைவு. வெளுத்த தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் நோயைச் சொல்கிறது.

ஏன் அப்படி என்பதற்குத் தோலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கின்றன. அவை மெலனினைத் தயாரித்து, கை நீட்டுவது போன்ற கிளைகள் வழியாகச் சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுக்கின்றன. மூக்கின் கருப்பு அந்த மெலனின்தான். மெலனின் இல்லாவிட்டால் கீழே ஓடும் ரத்த நாளங்களின் நிறம் தெரியும், அதனால்தான் வெள்ளையாகாமல் இளஞ்சிவப்பாகிறது. வெண்புள்ளியில் உடலின் எதிர்ப்பு சக்தி இந்த மெலனோசைட்டை மட்டும் குறிவைக்கிறது. 1980களிலேயே வெண்புள்ளி உள்ள நாய்களின் ரத்தத்தில் நிறமிச் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தோல் செல்களுக்குச் சேதம் இல்லை. ஆகவே வலி இல்லை, அரிப்பு இல்லை, மேற்பரப்பும் மாறுவதில்லை. நாய்க்குத் தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது.

இப்போது மேற்பரப்பு மாறுகிற நோய்க்கு வருவோம், ஏனென்றால் குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். டிஸ்காய்டு லூபஸ் என்று பெயர். கோலி இன நாய்களில் அடிக்கடி கண்டதால் முன்பு கோலி மூக்கு என்றும் சொல்வார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, ஷெல்டி இனங்களிலும் வரும். இதில் எதிர்ப்பு சக்தி தாக்குவது மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லைக்கோட்டை. அந்த எல்லையில் உள்ள செல்கள் சாகும்போது அவற்றில் இருந்த மெலனின் கீழே உள்தோலுக்குள் சிந்திவிடுகிறது. ஆழத்தில் கிடக்கும் மெலனின் மேலிருந்து பார்க்க நீலச் சாம்பலாகத் தெரியும். அதனால் லூபஸ் மூக்கு கருப்பிலிருந்து நேராக இளஞ்சிவப்புக்குப் போகாமல் முதலில் சிலேட்டு நிறத்துக்கு வரும். அப்புறம் மேடு பள்ளம் தேய்ந்து மழமழப்பாகி, வெளுத்து, பொருக்கு தட்டி, புண்ணாகி, சில சமயம் ரத்தம் கசியும். வெயில் பட்டால் கூடும். கோடையில் மோசமாகி மழைக்காலத்தில் கொஞ்சம் ஆறினால் லூபஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

லூபஸுக்கு மருந்து உண்டு, பெரும்பாலும் கட்டுப்படவும் செய்யும். வெயிலைத் தவிர்ப்பது, டாக்ரோலிமஸ் களிம்பு, டாக்ஸிசைக்ளினோடு நியாசினமைடு மாத்திரை என்று மருத்துவர் படிப்படியாகப் போவார். ஆனால் உதடும் தோலும் சேருமிடத்தில் வரும் ஒருவகைப் பாக்டீரியாத் தொற்று அச்சு அசலாக லூபஸ் போலவே இருக்கும். நிறம் போகும், பொருக்கு தட்டும், புண்ணாகும். நுண்ணோக்கியில் பார்த்தாலும்கூடச் சில நேரம் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் நல்ல மருத்துவர் முதலில் சில வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்பார். சரியாகிவிட்டால் அது தொற்று. ஆகவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். ‘டாக்டர் வெறும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்’ என்று குறைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன், அவர் செய்தது சரியான காரியம்.

அடுத்தது கண். நிறம் போகிற நோய்களில் உடனே ஓட வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதன் அறிகுறி கண்ணில் இருக்கும். மெலனின் மூக்கில் மட்டும் இருப்பதில்லை, கண்ணுக்குள் கருவிழித் திரையிலும் விழித்திரைக்குப் பின்னாலும் உண்டு. எதிர்ப்பு சக்தி கண்ணின் நிறமிச் செல்களையும் சேர்த்துத் தாக்கினால் கண்ணுக்குள் அழற்சி வரும். மனிதர்களில் இதே போன்ற நோய்க்கு வோக்ட், கொயனாகி, ஹராடா என்ற மூன்று மருத்துவர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாய்களில் அகிட்டா, சமோயெட், ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் இனங்களில் அதிகம், ஆனால் வேறு இனத்தில் வராது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கண்தான் முந்திக்கொள்ளும். கண் சிவக்கும், கூசும், நீர் வடியும், கருவிழி மங்கலாகும். மூக்கும் உதடும் இமையும் வெளுப்பது அதோடு சேர்ந்தோ பின்னாலோ வரும். தாமதித்தால் கண் அழுத்தம் ஏறும், விழித்திரை பிரியும், பார்வை நிரந்தரமாகப் போகும்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாய்க்குக் கண் சிவந்தால் நம் ஊரில் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைப்போம். அது தப்பும் இல்லை, எர்லிகியா கிருமி கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும், மூக்கிலிருந்து ரத்தமும் வரவைக்கும். ஆனால் கண் சிவப்போடு மூக்கோ உதடோ நிறம் மாறியிருந்தால் அதை மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும் கண் அழுத்தம் பார்ப்பதையும் ஒரே நாளில் செய்துவிடலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்தை மட்டும் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால் அந்தச் சொட்டு மருந்து கண்ணைத் துளைத்துவிடும் அளவுக்குக் கொண்டுபோகும்.

உண்ணி என்றதும் இன்னொன்று. ‘ஈறு வெளுத்திருக்கிறது’ என்று சொல்லி வருகிறவர்களில் இரண்டு ரகம். கருப்பாக இருந்த ஈறு இளஞ்சிவப்பானால் அது நிறமி போவது, அவசரமில்லை. இளஞ்சிவப்பாக இருந்த ஈறு காகிதம் போல வெளிறினால் அது ரத்தசோகை. நாய் சோர்ந்தும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வயதான நாய்க்கு இந்தக் கணக்கு மாறும். பத்து வயது நாய்க்கு உதடும் மூக்கும் புதிதாக வெளுத்து, கூடவே சிவந்து தடித்து, உடம்பில் செதில் உதிர்ந்தால் அதை வெண்புள்ளி என்று விட்டுவிடக் கூடாது. தோலில் வரும் ஒருவகை லிம்போமா புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும், அதன் பிறகு கிடைக்கும் காலம் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான். உங்கள் நாய்க்கு இரண்டு வயது என்பதால் அந்தப் பயம் இப்போது வேண்டாம். புற்றுநோய்க் கட்டிக்காக டோசெரானிப் மாத்திரை சாப்பிடும் நாய்களுக்கும் மூக்கும் முடியும் வெளுக்கலாம், அது மருந்தின் விளைவு.

இவையெல்லாம் நோய்கள். நோயே இல்லாமலும் மூக்கு வெளுக்கும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் குட்டிகள் கருப்பு மூக்கோடு பிறந்து வளர வளர பழுப்பாகவோ வெளிர் சிவப்பாகவோ மாறுவது சாதாரணம், டட்லி மூக்கு என்பார்கள். ஹஸ்கிக்கும் லாப்ரடாருக்கும் வருடத்தில் சில மாதம் மூக்கின் நடுவில் வெளிர்ந்த பட்டை வந்து தானாகப் போகும். பனி மூக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் பனியே பார்க்காத ஊரிலும் வருகிறது. கம்பிக் கூண்டில் மூக்கைத் தேய்க்கிற நாய்க்குத் தேய்ந்த இடம் சிவந்து, ஆறியதும் கருப்பாகிவிடும். ஆழமான காயம் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். சாக்லேட் லாப்ரடாரின் பழுப்பு மூக்கு பிறவி நிறம், அதில் எதுவும் போகவில்லை.

பிறவி என்றால் நம் ராஜபாளையம் நாயைச் சொல்லாமல் போக முடியாது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அதைப் பார்த்து நிறமி போய்விட்டது என்று பயந்து மருந்து கேட்டவர்களும் உண்டு. அங்கே செல்கள் செத்துப்போகவில்லை, கருவில் வளரும்போதே நிறமிச் செல்கள் தோலின் பல இடங்களுக்கு வந்து சேரவில்லை. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. உள்காது வேலை செய்யவும் மெலனோசைட் தேவை. அங்கேயும் அவை சென்று சேராத குட்டி, பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறனை இழந்துவிடும். ராஜபாளையத்திலும் டால்மேஷியனிலும் செவிடு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கின் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. உங்கள் ராட்வைலருக்கு இந்தப் பயம் இல்லை, அவன் கருப்பாகப் பிறந்து கேட்டுக்கொண்டே வளர்ந்தவன்.

சரி, இப்போது டானிக். மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற என்சைமுக்குத் தாமிரம் வேண்டும், மூலப்பொருளாக டைரோசின் என்ற அமினோ அமிலம் வேண்டும் என்பது உண்மை. கடைக்காரர் அதைத்தான் எங்கோ கேட்டிருப்பார். ஆனால் சத்துக்குறைவு வந்தால் அது உடம்பு முழுக்கத் தெரியும். கருப்பு முடி செம்பட்டையாகும், முடி உதிரும், நாய் இளைக்கும். மூக்கின் நடுவில் ஒரு திட்டு, ஒரே ஒரு நகம் என்று சத்துக்குறைவு இடம் பார்த்து வராது. தயிர்சாதம் மட்டுமே சாப்பிடும் நாயாக இருந்தால் முட்டையும் கறியும் சேருங்கள், அது எப்படியும் தேவை. தாமிர மாத்திரையை மட்டும் உங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். அதிகமான தாமிரம் நாயின் ஈரலில் தங்கிவிடும், லாப்ரடாரும் டாபர்மேனும் அதற்குப் பேர்போன இனங்கள். பிளாஸ்டிக் கிண்ணம்தான் காரணம் என்றும் சொல்வார்கள். பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனத்தால் உதடும் மூக்கும் வெளுப்பது மிக அபூர்வம், அப்படியே வந்தாலும் கிண்ணம் படுகிற இடத்தில்தான் வரும், நகத்தில் வராது. இருந்தாலும் எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாறுவதில் நஷ்டமில்லை.

நண்பர் சொன்ன க்ரீம்தான் எனக்குக் கவலை. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கிற பல க்ரீம்கள் வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்தவை. நாய் நொடியில் நக்கிவிடும், பாதி மருந்து வயிற்றுக்குள் போகும். மீதி தோலை மெலிதாக்கும். இதைவிடப் பெரிய கெடுதல், உண்மையில் லூபஸாகவோ புற்றாகவோ இருந்தால் க்ரீம் அதை அரைகுறையாக மூடிவைத்துவிடும். பிறகு தோலை எடுத்துப் பரிசோதித்தாலும் பதில் தெளிவாக வராது. தடவ ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, என்ன தடவினீர்கள் என்று டியூபைக் கையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வெண்புள்ளிக்கு உறுதியாக நிறம் திரும்ப வைக்கும் மருந்து நாய்களுக்கு இல்லை. மனிதர்களுக்கு 2022இல் அமெரிக்காவில் ருக்ஸோலிடினிப் என்ற களிம்புக்கு அனுமதி கிடைத்தது. தன் மூக்கைத் தானே நக்கிக்கொள்ளும் ஜீவனுக்கு அது தோதுப்படாது. மீன் எண்ணெய், வைட்டமின், மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று எதைக் கொடுத்தாலும் சில நாய்களுக்கு நிறம் கொஞ்சம் திரும்பும், ஏனென்றால் எதுவும் கொடுக்காவிட்டாலும் சில நாய்களுக்குத் திரும்பும். வழக்கமாகச் சில மாதங்கள் பரவி, பிறகு அப்படியே நின்றுவிடும். அவன் ஆயுளை இது ஒரு நாள்கூடக் குறைக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது வெயிலிலிருந்து காப்பது. மெலனின் என்பது தோலுக்கு இருந்த குடை, அது போன இடம் வெயிலில் பொசுங்கும். வருடக் கணக்கில் பொசுங்கினால் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். திருச்சி வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை வெளியே கட்டாதீர்கள். மொட்டை மாடியில் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள், மாடியில் போடும் தகரக் கூரை வெயிலை மறைக்குமே தவிர வெப்பத்தை மறைக்காது. சன்ஸ்கிரீன் போடுவதானால் நாய்களுக்கென்று விற்பதை வாங்குங்கள். மனிதர்களுடையதில் துத்தநாக ஆக்ஸைடும் சாலிசிலேட்டும் இருக்கும், நக்கினால் வாந்தியும் அதற்கு மேலும் வரும். பூசிய பிறகு பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியோ ஏதாவது தின்னக் கொடுத்தோ நக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு: இது தொற்றாது. குழந்தைக்கும் வராது, இன்னொரு நாய்க்கும் வராது. நாயிடமிருந்து மனிதருக்கு ஒட்டுகிற தோல் நோய்கள் படர்தாமரையும் ஒருவகைச் சொறியும். அவற்றில் முடி கொட்டி, செதில் வரும், சொறியில் நாய் தூங்கவிடாமல் சொறிந்துகொண்டே இருக்கும். உங்கள் நாயிடம் அதில் ஒன்றும் இல்லை.

பயாப்ஸி எடுக்க வேண்டுமா? மேடு பள்ளம் அப்படியே இருந்து, கண்ணும் நன்றாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூக்கின் போட்டோ எடுத்து வையுங்கள். பொருக்கோ சாம்பல் நிறமோ மழமழப்போ வந்தால் அப்போது எடுக்கலாம். திருச்சிக்கு நாமக்கல், ஒரத்தநாடு இரண்டு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் எட்டும் தூரம்தான். மயக்கம் கொடுத்துச் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுப்பார்கள், மூக்கு என்பதால் கொஞ்சம் ரத்தம் வரும், ஒரு தையலில் நிற்கும். எந்த இடத்தில் எடுப்பது என்பது முக்கியம். முழுக்க வெளுத்த இடத்தில் எடுத்தால் சண்டை முடிந்த களம்தான் தெரியும், புண்ணில் எடுத்தால் புண் மட்டும் தெரியும். கருப்பு மாறிக்கொண்டிருக்கிற சாம்பல் ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வெண்புள்ளி என்றால் தோல் முழுக்க நன்றாக இருந்து மெலனோசைட் மட்டும் காணாமல் போயிருக்கும். லூபஸ் என்றால் எல்லைக்கோட்டை ஒட்டி வெள்ளணுக்கள் வரிசைகட்டி நிற்கும்.

க்ராஸ் விடும் விஷயம். வேண்டாம். குறிப்பிட்ட சில இனங்களில் இளம் வயதில் தலைகாட்டுகிற கோளாறு என்பதால் பரம்பரைத் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்காட்சிக்கும் சரிப்படாது, ராட்வைலரின் மூக்கு கருப்பாகவே இருக்க வேண்டும் என்று இன விதியே சொல்கிறது. குட்டி வாங்கிய இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளுக்கும் இரண்டு வயது ஆகியிருக்கும், அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மூக்கு மாறியிருந்தால் அந்தத் தாய்தந்தையை மறுபடி சேர்ப்பதை அவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.